கிழங்கு நோய்க்குத் தாவர எண்ணெய்: வயலிலா, கிடங்கிலா?

கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கரில் உருளைக்கிழங்கு போடுகிறேன். கார்போகத்தில் தூறலும் மூடுபனியும் நாலைந்து நாள் சேர்ந்து நின்றுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. விடிந்ததும் இலையைத் திருப்பிப் பார்த்தால், நீர் கோத்தாற்போன்ற கரும்பச்சைத் திட்டும், அதன் ஓரத்தில் மெல்லிய வெண்பூசணமும் தெரியும். 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய அதே பின்பருவ இலைக்கருகல் நோய்தான் இது.

தாவர எண்ணெய் தெளித்தால் இந்நோய் அடங்கும் என்று பலரும் சொல்லக் கேட்டு, சென்ற ஆண்டு கிராம்பு எண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து பத்துச் செடிகளுக்கு மட்டும் அடித்துப் பார்த்தேன். அளவு கூடிவிட்டதால், மறுநாள் தளிரெல்லாம் வெந்நீர் பட்டதுபோல் சுருண்டு கிடந்தது. பூசணத்தின் செல்சவ்வைச் சிதைத்து உள்ளிருப்பதை ஒழுகவிடும், கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினால் (eugenol), செடியின் செல்சவ்வையும் விட்டுவைப்பதில்லை; கிராம்பு எண்ணெய் களைக்கொல்லியாகவும் பயன்படுவது அதனால்தான். அளவைக் குறைத்தாலும், மூடிய ஆய்வகத் தட்டுக்குள் தங்கி நின்று வேலை செய்யும் ஆவி, மலைக்காற்றில் விரைவில் கலைந்துவிடுகிறது. ஆகவே வயலில் இன்னமும் மழைக்கு முன்பே அடிக்கும் ஒரு சதவீதப் போர்டோக் கலவையையும் (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல்), நோயைத் தாங்கும் குப்ரி சஹ்யாத்ரி போன்ற இரகங்களையுமே நம்புகிறேன்.

ஆனால் வயலில் குறையாக இருக்கும் அந்த ஆவித்தன்மையே கிடங்கில் பலமாகிறது. அறுவடையில் மண்வெட்டி பட்ட காயத்தின் வழியே ஃபியூசேரியம் என்ற பூசணம் நுழைந்தால், தோல் வளையம் வளையமாகச் சுருங்கி, உள்ளே பொந்து விழுந்து, கிழங்கு உலர்ந்து அழுகும். நெதர்லாந்தில், சீரகத்தின் உறவான கேரவே விதையிலுள்ள கார்வோன் என்ற ஆவியாகும் பொருளைக் கிடங்குகளில் முளை அடக்கப் பயன்படுத்தினார்கள். அது சேமிப்பில் வரும் சில பூசணங்களையும் கட்டுப்படுத்துவதைக் கண்டார்கள். முளையை அடக்கும் இந்த ஆவி விதைக்கிழங்கை எட்டக் கூடாது. அறுவடைக் காயங்கள் ஆற இரண்டு வாரமாவது விட்ட பிறகே எண்ணெயை உள்ளே கொண்டுபோக வேண்டும்.

இம்முறை விதைக்கிழங்கைத் தனி அறைக்கு மாற்றிவிட்டேன். சமையலுக்கான நான்கு பெட்டிகளில் இரண்டை மட்டும் மூடி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தோய்த்த துணியைக் கிழங்கின் மேல் படாமல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மற்ற இரண்டையும் அதேபோல் மூடி, எண்ணெயில்லாமல் வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து அழுகலைத் தனியே எடைபோட்டு, வெந்த கிழங்கில் எண்ணெய் வாடை இருக்கிறதா என்றும் பார்த்து எழுதுகிறேன்.