மச்சு பிச்சுவோட மண்ணுக்கடியில
பெரு நாட்டு மலைமேல இருக்கற பழைய இன்கா ஊரான மச்சு பிச்சு போயிட்டு வந்ததுல இருந்து அந்தக் கல் சுவர்தான் கண்ணுலயே நிக்குது. இரும்பு உளி கிடையாது, வண்டிச் சக்கரம் கிடையாது, 15-ம் நூற்றாண்டுல இன்கா ஜனங்க கோயில் சுவருக்குக் காரை கூட பூசாம கல்லைக் கல்லோட அப்படிப் பொருத்தியிருக்காங்க. ஆனா போட்டோல தெரியாத வேலை மண்ணுக்கடியில இருக்குங்க, படி படியா இருக்கற வயலுக்குக் கீழ பெரிய கல்லு, அதுமேல ஜல்லி, மணல், அப்புறம்தான் மண்ணு, அவ்ளோ மழை பெய்யற மலைமுகட்டுல தண்ணி தேங்காம வடியறதாலதான் ஊரே சரியாம நிக்குது! ஊத்துத் தண்ணி 16 தொட்டியில ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு இறங்கி வருது. போற வழியில இருக்கற கஸ்கோ நகரம் கடல் மட்டத்துல இருந்து 3,400 மீட்டர் உயரம், நல்லா மூச்சு வாங்குச்சு, இங்க 2,430தான், நிதானமா சுத்தலாம். போறவங்க மேல நின்னு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடாதீங்க, அந்தத் தண்ணி இறங்கி வர்ற வழியையும் கவனிச்சுப் பாருங்க.