30 மீட்டர் கோட்டருகே நிற்கும் வேல்ஸ் குன்றுகள்

வேல்ஸின் சிறு குன்றுகளை லைடார் (விமானத்திலிருந்து லேசர் துடிப்பு பாய்ச்சி நில உயரத்தை அளக்கும் முறை) தரவை வைத்து மறுவகைப்படுத்த உட்காருகிறவர்கள் நேரே உச்சிக்குத்தான் போகிறார்கள். முதலில் கணவாய்க்குப் போங்கள். 300 முதல் 400 மீட்டர் உயரத்துக்குள் அடங்கும் 'ட்ரிக்கன்ட்', 400 முதல் 500க்குள் அடங்கும் 'பெட்வாரை' ஆகிய இரு குன்றுப் பட்டியல்களுக்கும் முக்கிய நிபந்தனை ஒன்றே: குறைந்தது 30 மீட்டர் புடைப்பு. உச்சியிலிருந்து கிளம்பி, அதைவிட உயர்ந்த நிலத்துக்குப் போய்ச்சேர எவ்வளவு இறங்கியே ஆகவேண்டுமோ அதுதான் புடைப்பு. அப்படி இறங்கும் வழியின் மிகத் தாழ்ந்த இடமே கணவாய்; வேல்ஸ் மொழியில் அதற்கு 'புல்க்' என்று பெயர்.

உச்சிக்கு வரைபடத்தில் பெரும்பாலும் ஓர் எண்ணாவது இருக்கும். கணவாய்க்கு அதுகூட இருக்காது. பிரிட்டனின் தேசிய நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் ஓர் உச்சி 312 மீட்டர், கணவாய் 280, 285 சமவுயரக் கோடுகளுக்கு நடுவில் என்று வைத்துக்கொள்வோம். புடைப்பு 27 ஆகவும் இருக்கலாம், 32 ஆகவும் இருக்கலாம். கோடுகள் 10 மீட்டர் இடைவெளியில் போகும் மலைப்பகுதியில் சந்தேகம் இரட்டிப்பாகும். பழைய பட்டியல்களில் பல குன்றுகள் இப்படிக் குத்துமதிப்பாக உள்ளே வந்தவை, அல்லது வெளியே நின்றவை.

2020 முதல் 2023 வரை வேல்ஸ் அரசு நாடு முழுவதையும் 1 மீட்டர் கட்ட அளவில் விமான லைடாரால் அளந்தது. தரவு இலவசம். டிடிஎம், டிஎஸ்எம் இரண்டையும் இறக்குங்கள். டிடிஎம் மரமும் கட்டடமும் நீக்கிய தரை. டிஎஸ்எம் மேலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தரவுத் துண்டுகளை ஒரே பரப்பாக, அதாவது வர்ச்சுவல் ராஸ்டராக, ஒட்டிவிட்டுத்தான் சமவுயரக் கோடு போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் துண்டின் விளிம்பில் கோடு அறுந்துபோகும், கணவாய் சரியாக அங்கேதான் இருந்து தொலைக்கும். முதலில் 1 மீட்டர் இடைவெளியில் கோடு போட்டு இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்தச் சிறு பரப்புக்கு மட்டும் 0.1 மீட்டர். கணவாய்க்குக் கீழான மட்டத்தில் ஒரே கோடு இரு குன்றுகளையும் சேர்த்து வளைக்கும். சற்று மேலே போனதும் இரண்டாகப் பிரியும். பிரிகிற மட்டமே கணவாயின் உயரம்.

வேல்ஸில் இந்த இடம் சுத்தமாகக் கிடைப்பது அபூர்வம். கணவாயின் மேல் சாலை ஏறிப்போகும், அல்லது நிலத்தை வெட்டிக்கொண்டு போகும். மண்ணும் கல்லும் சேர்த்துக் கட்டிய 'க்ளௌத்' வரப்பு குறுக்கே நின்றால் டிடிஎம் அதைத் தரையாகவே எடுத்துக்கொண்டு கணவாயை ஒரு மீட்டர்வரைகூட உயர்த்திக் காட்டும். மேடுபள்ளத்தை நிழலால் காட்டும் ஹில்ஷேட் போட்டுப் பார்த்தால் நேர்கோடாகத் தெரிந்துவிடும். சதுப்பான கணவாயில் அடர்ந்த கோரை சில அங்குலங்களைச் சேர்த்துவிடும். ஊசியிலைத் தோட்டங்களில் தரைவரை இறங்கித் திரும்பும் லேசர் துடிப்புகள் மிகக் குறைவு. அங்கே டிடிஎம் தரும் எண் பாதி ஊகம்.

உச்சியில் பிழை எதிர்த்திசையில் வரும். கூர்மையான பாறை 1 மீட்டர் கட்டத்துக்குள் மழுங்கிவிடும். சில சமயம் வடிகட்டும் நிரல் பாறையைக் கட்டடம் என்று எண்ணி முழுதாகவே நீக்கிவிடும். டிஎஸ்எம்மிலிருந்து டிடிஎம்மைக் கழியுங்கள். மரமில்லாத உச்சியில் அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ காணாமல் போயிருக்கிறது. முக்கோண அளவைத் தூண் நிற்கும் இடமே உச்சி என்றும் நம்ப வேண்டாம். பக்கத்து வயலில் இருக்கும் மேடு 20 சென்டிமீட்டர் உயரமாக இருப்பது சாதாரணம்.

கணக்குக்கு வருவோம். லைடாரின் செங்குத்துப் பிழை ஒரு புள்ளிக்கு சுமார் 15 சென்டிமீட்டர். புடைப்பு இரு புள்ளிகளின் வித்தியாசம் என்பதால் பிழை √2 மடங்காகி 21 சென்டிமீட்டர் ஆகும்; பாதுகாப்புக்கு அதன் இரு மடங்கை எடுத்தால் 29.6 முதல் 30.4 வரை சந்தேக எல்லை. உச்சியும் கணவாயும் ஒரே பறப்புப் பாதையில் இருந்தால் பொதுப்பிழை பெருமளவு கழிந்துவிடும். சிறு குன்றுகளுக்குக் கிடைக்கும் சலுகை இது, ஆனால் அதை நம்பி எல்லைக்குள் விழுந்ததைத் தீர்ப்பாக எழுதிவிடக் கூடாது. 2008இல் மனித் க்ரைக் கோக் 609.75 மீட்டர் என்று அளக்கப்பட்டு, 2000 அடி (609.6 மீட்டர்) வரம்பைத் தாண்டி மலையானது. தாண்டிய அளவு 15 சென்டிமீட்டர்தான், அதாவது லைடாரின் ஒரு புள்ளிப் பிழை எவ்வளவோ அவ்வளவு. அதைத் தீர்த்துவைத்தது தரையில் வைத்த ஜிபிஎஸ் கருவி. மறுபக்கம் வேன் அ பீக்: 2000 அடியை வெகுவாகத் தாண்டிய மலை, புடைப்பு 30 மீட்டர் இல்லை என்று 2018இல் ஹியூவிட் பட்டியலிலிருந்து (2000 அடிக்கு மேல் உயரமும் 30 மீட்டர் புடைப்பும் கேட்கும் பட்டியல்) விழுந்தது.

எல்லைக்குள் விழுந்த குன்றுக்கு உச்சியிலும் கணவாயிலும் நில அளவைத் தரத்திலான ஜிபிஎஸ் கருவியை முக்காலியில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரத் தரவு எடுத்து, ஆர்ட்னன்ஸ் சர்வேயின் நிலையான ஜிபிஎஸ் நிலையங்களின் தரவோடு ஒப்பிட்டுத் திருத்தி (பின்செயலாக்கம்), ஓஎஸ்ஜிஎம்15 என்ற உயர மாற்ற மாதிரியால் பிரிட்டன் வரைபட உயரங்களுக்கு அடிப்படையான நியூலின் கடல்மட்டத்துக்கு மாற்ற வேண்டும். ஆன்டெனா உயரத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அளந்து எழுதுங்கள்; சதுப்பில் முக்காலியின் கால் இரண்டு மணி நேரத்தில் மெல்ல இறங்கும்.