ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு வெயிலில் 6 மீட்டர் கிறிஸ்துமஸ் மரம்

நவம்பர் 16
நடுக்கம்பம் நின்றுவிட்டது: 6 மீட்டர், 76 மி.மீ. கால்வனைஸ்டு குழாய். நாலு பக்கமும் 6 மி.மீ. கம்பிக் கயிறு. கல் பாவிய முற்றத்தில் முளை அடிக்க முடியாது. இன்ஜினியர் கணக்குப்படி கயிற்றுக்கு ஒன்றாக 500 கிலோ கான்கிரீட் கட்டை.

நவம்பர் 22
பச்சைச் சரம் சுற்றும் வேலை. நெருக்கிச் சுற்றினால் அடர்த்தியாக அழகாய் இருக்கும், ஆனால் முழு மரமும் பாய் விரித்த மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். சுற்றுக்குச் சுற்று ஒரு சாண் இடைவெளி. கட்ட, வெயில் தாங்கும் கறுப்பு கேபிள் டை மட்டும். வெள்ளை டை ஒரு கோடையில் அப்பளமாக நொறுங்கும்.

நவம்பர் 29
இன்று முழுக்கப் பந்துகள். 200 மி.மீ. பிளாஸ்டிக், 90 எண்ணம். இந்த ஊரில் பந்து முதலில் கெடுவது மூடியில். கடையிலிருந்து வரும்போது அது ஹாட் குளூவில் ஒட்டியிருக்கும். மதிய வெயிலில் சிவப்புப் பந்தைத் தொட முடியாது. உள்ளே காற்று விரிகிறது, பசை இளகுகிறது. மூடி கொக்கியோடு மரத்தில் தொங்கும், பந்து தரையில் கிடக்கும். அதனால் அடியில் 3 மி.மீ. துளை: சூட்டுக் காற்றும் வெளியேறும், மழைநீரும் வடியும். பழைய பசையைச் சுரண்டிவிட்டு சிலிக்கோன் பசை, கழுத்தில் குறுக்காகத் துருப்பிடிக்காத கம்பி ஒன்று. சிலிக்கோன் காய 24 மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டுத் தொங்கவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

டிசம்பர் 5
எல்இடி டிரைவர்கள், அதாவது விளக்குகளுக்கு ஏற்ற மின்சாரம் தரும் பெட்டிகள். நண்பகலில் தெற்குப் பக்கம் நிழல்தான், ஆனால் டிசம்பரில் இங்கே சூரியன் தென்மேற்கில் மறைகிறது. மாலை வெயில் பெட்டிமேல் நேராக விழும். மேடைக்கு அடியில், காற்று போகிற மாதிரி, தரையைவிட்டு உயர்த்தி வைத்தாயிற்று. டைமர் இரவு 8.45க்கு. அதற்குமுன் போட்டால் விளக்கு எரிவதே தெரியாது.

டிசம்பர் 17
41 டிகிரி, முழு நெருப்புத் தடை. வெளியில் கிரைண்டர், வெல்டிங் கூடாது. நட்சத்திரத்தின் உடைந்த தாங்கி நாளைக்கு. காலையிலிருந்து வடக்கே இருந்து அனல். மாலையில் காற்று தென்மேற்குக்குத் திரும்பும் அந்தச் சில நிமிடங்களை நினைத்தால்தான் பயம். மதியமே கயிறுகளை விறைப்பாக்கும் நாலு டர்ன்பக்கிளின் லாக் நட்டும் இறுக்கி, காற்றடைத்த பனிமனிதனை இறக்கி மடித்தாயிற்று.

டிசம்பர் 18
தென்மேற்குக் கயிறு, அதன் மடித்த முனையைப் பிடிக்கும் கிளாம்பில் 2 செ.மீ. வழுக்கியிருக்கிறது. கிளாம்பின் யு-போல்ட் (U வடிவ போல்ட்) சுமை இழுக்கும் பக்கம் உட்கார்ந்திருந்தது. அது கயிற்றின் வெட்டுமுனைப் பக்கம் இருக்க வேண்டும். மூன்று கிளாம்பையும் திருப்பிப் போட்டாயிற்று. பந்து தொண்ணூறும் மரத்திலேயே இருக்கின்றன.