அம்மாவைச் சிங்கப்பூர் கூட்டிப்போகும் முன் நாங்கள் பார்த்த வேலைகள்

அம்மாவுக்கு 63 வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருப்பதியைத் தாண்டியதில்லை. தாத்தா சிங்கப்பூர் துறைமுகத்தில் பல வருஷம் வேலை பார்த்தார், சிராங்கூன் ரோடு முகவரி போட்டு அவர் அனுப்பிய ஏர்மெயில் கடிதங்கள் இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கின்றன. "அந்தத் தெருவ ஒரு தடவ பாத்துடணும்ப்பா" என்று அவர் சொன்னது பொங்கல் சமயத்தில். ஜூனில்தான் போக முடிந்தது. நடுவில் இருந்த அந்த மாதங்களை, பெற்றவர்களை முதல் தடவையாக வெளிநாடு கூட்டிப்போக நினைக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர். அம்மாவின் ஆதாரில் பெயருக்குப் பக்கத்தில் அப்பாவின் இனிஷியல், பள்ளி டி.சி.யில் தாத்தாவின் இனிஷியல், பான் கார்டில் மட்டும் அப்பா பெயர் முழுசாக. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அம்மா பெயரை மட்டும் போட்டு குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடலாம்தான், நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2022 நவம்பரிலிருந்து துபாய் உட்பட அமீரகம் முழுக்க ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா போகிறவர்களுக்குச் சிக்கல் இருக்கிறது. நாளைக்கே என் தங்கை அங்கே கூப்பிட்டால் என்ன செய்வது? அதனால் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவதென்று முடிவு செய்து, பான் கார்டைக் காட்டி முதலில் ஆதாரைத் திருத்தினோம். பாஸ்போர்ட்டுக்கு அதற்கப்புறம்தான் விண்ணப்பித்தோம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கட்டணம் 1500 ரூபாய், 60 வயது தாண்டியவர்கள் புதிதாக எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி, அதனால் 1350. பத்தாவது பாஸ் செய்யாததால் குடியகல்வு முத்திரைப் (ECR, சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) பிரச்சினை வருமோ என்று அம்மா பயந்துகொண்டே இருந்தார், 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது கிடையாது. சேவா கேந்திராவில் முதல் கவுண்டரில்தான் நேரம் பிடித்தது. அம்மாவின் கைரேகை பதியவே இல்லை. நாற்பது வருஷமாகப் பாத்திரம் தேய்த்த, அம்மியில் அரைத்த விரல்கள். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக ஈரத்துணியைக் கொடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்கச் சொல்லி, மறுபடி மறுபடி அழுத்தி, ஏழாவதோ எட்டாவதோ தடவையில்தான் மிஷின் வாங்கிக்கொண்டது. போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கலாம் என்று பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மா சொன்னார். போலீஸ் விசாரணை பிரச்சினையில்லாமல் முடிந்தது.

டிக்கெட்டில் ஒரு தவறு நடந்தது. திருச்சியிலிருந்து போடச் சொன்ன ஏஜெண்ட், நான் பாஸ்போர்ட் நகல் அனுப்பியிருந்தும், பழக்கத்தில் இனிஷியலோடு அடித்துவிட்டார். திருத்த மூவாயிரத்துச் சொச்சம் கேட்டார்கள், பாதியை ஏஜெண்ட் ஏற்றுக்கொண்டார். பணம் கட்டும் முன்பே, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் வழியாகப் போனோம். 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கட்டணம், அதற்கு மேல் ஏஜெண்டின் சர்வீஸ் சார்ஜ். கிளம்பும் தேதிக்கு 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்கலாம், அதனால் சீக்கிரமே முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, மேட் பேப்பர். சாதாரண பாஸ்போர்ட் சைஸ் என்று ஸ்டூடியோவில் சொன்னால் பளபள பேப்பரில் போட்டுத் தந்துவிடுவார்கள், அளவோடு எழுதிக் கொடுங்கள்.

நான் ரொம்ப நேரம் செலவழித்தது மருந்துக்குத்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வைத்தோம். மருந்தின் மூலப்பெயரையும் (கம்பெனி வைத்த பெயர் இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்கினேன். அம்மா எப்போதாவது போடும் தூக்க மாத்திரைக்கு சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்தது. டாக்டரிடம் கேட்டுவிட்டு அதை வீட்டிலேயே விட்டுவிட்டோம். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அனுமதி தேவைப்படலாம். காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை இருப்பதை மறைக்காதீர்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

சாப்பாட்டுப் பையைக் கடைசி ராத்திரி பிரித்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் (இது செக்-இன் பெட்டிக்கு), அடியில் ஒரு சின்ன டப்பாவில் கசகசா, தங்கும் இடத்தில் அடுப்பு இருக்கும் என்று சொன்னதால் குருமாவுக்காக. அதை அங்கே அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாது, போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. "இதுவா? குழந்தைக்குக்கூடக் குடுப்போமே" என்று அம்மா நம்பவே இல்லை. மசாலாப் பாக்கெட்டுகளையும் திருப்பிப் படித்து, கசகசா சேர்த்ததை எடுத்து வைத்தேன்.

பணம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேங்க் ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் அங்கே வேலை செய்யாது. ரயிலிலும் பஸ்ஸிலும் அதே கார்டைத் தட்டலாம், ஆனால் வெளிநாட்டு கார்டுக்குப் பயன்படுத்தும் நாளுக்கு 60 சிங்கப்பூர் சென்ட் கூடுதல். அம்மாவுக்குத் தனியாக அங்கேயே ஈசிலிங்க் கார்டு (முன்கூட்டியே பணம் போட்டு ரயில், பஸ்ஸில் தட்டும் கார்டு) வாங்கினோம்.

கடைசி வேலை வருகை அட்டை. போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற தளங்கள் தேடலில் மேலே வரும், சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளம்தானா என்று பார்த்து நிரப்புங்கள். தங்கும் இடம் கேட்ட கட்டத்தில் எங்கள் விடுதி முகவரியை அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அதே ரோடா?" என்று கேட்டார். அதற்குப் பக்கத்துத் தெருதான், நடந்தே போகலாம் என்றேன். எழுந்து போய் பீரோவைத் திறந்து, தாத்தாவின் கடிதம் ஒன்றை எடுத்து வந்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார்.