அளவியில் நின்ற எண்

இரசாயன ஆய்வுகூடத்தின் பின்மேசையில் எங்களுக்கு ஒரு களவு வித்தை இருந்தது. நியமிப்புச் செய்முறையில், அதாவது அளவி என்ற கோடிட்ட கண்ணாடிக் குழாயால் ஒரு கரைசலை இன்னொன்றுக்குள் துளித்துளியாக விட்டு எவ்வளவு போனது என்று பார்ப்பதில், முதல் வாசிப்பு 24.8 என்று வந்துவிட்டால், அடுத்த இரண்டையும் மினக்கெட்டு அளப்பதில்லை. 24.7, 24.9 என்று எழுதிவிட்டு ஊர்க்கதை கதைப்போம். ஒருநாள் சேர் என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். அடிக்கவில்லை. (அடிக்கிறவர்தான், அன்றைக்கு ஏனோ விட்டுவிட்டார்.) "தம்பி, இவ்வளவு வடிவா வராது. திரும்ப அளவும்" என்றார். அளந்தேன். 25.3.

"அதை எழுதும். எனக்குப் பிடிச்ச எண் வேண்டாம், அளவியில நிண்ட எண்தான் வேணும்."

அதன் பிறகு எந்தச் செய்முறை என்றாலும் அவருடைய முதல் கேள்வி, "இரண்டாந்தரம் அளந்தனீரா?" என்பதுதான்.

1991இல் ரொறன்ரோவுக்கு வந்தேன். கோப்பை கழுவி, இரவு வகுப்பில் படித்து, கட்டடத் தளங்களில் கொங்கிறீற் சோதிக்கும் வேலைக்குப் போனேன். பெரிய உத்தியோகம் இல்லை. லொறி வந்ததும் தள்ளுவண்டியில் கொஞ்சம் பிடித்து, கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கினால் எவ்வளவு சரிகிறது என்று அளக்க வேண்டும். மானியில் கலவைக்குள் இருக்கும் காற்றின் வீதம் பார்க்க வேண்டும். உருளை அச்சுகளில் வார்த்து, 28ஆம் நாள் உடைத்துப் பார்க்க அனுப்ப வேண்டும்.

முதல் வருடம் ஒரு தளத்தில், கலவை இளகிப்போய்ச் சரிவு 120 மில்லிமீற்றர் வந்த இடத்தில் 80 என்று எழுதினேன். தளத்து வேலையை மேய்க்கிற போமன் சிரித்துக்கொண்டே கேட்டார், நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். அந்தக் கட்டடம் இன்னும் நன்றாகத்தான் நிற்கிறது. ஆனாலும் அந்த வீதியால் போகும்போது தலையைத் திருப்பாமல் போக என்னால் முடிவதில்லை.

இரண்டாவது சம்பவம் சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு நவம்பர் வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்தது. அன்று கார் நிறுத்தும் தளம் ஒன்றுக்குத் தட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்ராறியோ குளிரில் கொங்கிறீற்றுக்குள் இறங்கும் நீர் உறைந்து ஏறத்தாழ ஒன்பது வீதம் பருக்கும். பருக்க இடம் வேண்டும் என்றுதான் நுண்ணிய காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். அந்தக் கலவைக்குக் கேட்டிருந்தது 5 முதல் 8 வீதம். மானி காட்டியது 3.4. பின்னால் மூன்று லொறிகள் உருண்டுகொண்டு நின்றன.

"ஐந்து என்று எழுது. எல்லாருக்கும் வீட்டுக்குப் போகவேணும்" என்றார் போமன். இந்தமுறை சிரிக்கவில்லை. லொறியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் எனக்கில்லை, எண்ணை எழுதுவது மட்டும்தான் என் வேலை. ஆனால் உள்ளதை எழுதினால் லொறி திரும்பும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாத வாடகை, அம்மாவைக் கூப்பிடக் கட்டிய ஸ்பொன்சர் காசு, எல்லாம் கண்ணுக்குள் வந்தன. கை நடுங்கியது உண்மை. குளிரும் இருந்தது, பழியை அதன்மேல் போடலாம்.

மானியைக் கழுவி, வேறு கலவை எடுத்துத் திரும்ப அளந்தேன். 3.6. இரண்டையும் எழுதினேன்.

லொறி திரும்பியது. திங்கட்கிழமை என் மேலாளர் கூப்பிட்டு, "நீ என்ன இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டார். வேலை போகவில்லை. அந்தத் தளத்திலிருந்து எடுத்தார்கள், சில கிழமைகள் மணித்தியாலங்களும் குறைந்தன. வீட்டில் ஒரு மாதம் சம்பலும் பருப்பும்தான்.

2012 ஜூன் 23ஆம் திகதி இதே மாகாணத்தின் எலியட் லேக் நகரில் ஒரு வணிக வளாகத்தின் கூரைத் தரிப்பிடம் இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். திறந்த காலம் தொட்டே கூரை ஒழுகி, உப்புத்தண்ணீர் இரும்பு இணைப்பைத் தின்றுவிட்டது. அங்கே பிழை வேறு, காற்று வீதம் இல்லை. ஆனால் உரிமையாளர் கேட்டதற்காகப் பொறியாளர் ஒருவர் தன் அறிக்கையை மாற்றிய கதை விசாரணையில் வெளிவந்தபோது, போமனின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நவம்பர் போமன் அல்ல, சிரித்த போமன்.

சேர் ஒருமுறை சங்க இராப்போசனத்துக்கு இங்கே வந்திருந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்து வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். பாராட்டுவார் என்ற ஒரு சின்ன ஆசையும் இருந்தது.

"இரண்டாந்தரம் அளந்தனீரா?"

"ஓம் சேர். 3.6."

"சரி" என்று சொல்லிவிட்டுச் சோற்றுக்குக் குழம்பு விட்டார்.

முதல் வருடத்துக் கதையை நான் அவருக்குச் சொல்லவில்லை.