எதுக்கு விடறீங்க?

17 நவம்பர், திங்கள்

கார்த்திகை ஒண்ணு. காலையில் பேக்கரியின் பின்பக்கச் சுவரோரம் ஆளே இல்லை. (வெளியூர்க்காரர்களுக்கு: கோயம்புத்தூரில் பேக்கரி என்றால் டீக்கடை. கேக்கும் இருக்கும்.) சனிக்கிழமை வரை அங்கே நின்று சிகரெட் ஊதிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் இன்று கறுப்பு வேட்டி, துளசி மாலை, வெறுங்கால். எங்கள் வொர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் பார்க்கும் அண்ணன் ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் ஊதுகிறவர். நேற்று ராத்திரி கடைசியாக ஒன்றை இழுத்துவிட்டு விடியற்காலையில் மாலை போட்டுக்கொண்டார். மலைக்குப் போய் வரும்வரை தொடமாட்டார். வருஷா வருஷம் பார்க்கிறேன், தொட்டதே இல்லை.

என்னைக் குடைவது இதுதான். அவருக்கும் அதே நிகோடின்தான். எரிச்சல், தூக்கமின்மை, கை பரபரப்பு எல்லாம் அவருக்கும் வரும். அதையெல்லாம் விரதக் கஷ்டம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார். அவரிடம் போய் ஒருத்தரும் தீப்பெட்டி கேட்பதில்லை. ‘ஒரு இழுப்பு இழு மாப்ள’ என்று நீட்டுவதில்லை. கூப்பிடுகிற பேரே மாறிவிடுகிறது. நேற்றுவரை மாப்ள, இன்று சாமி. தேதி குறித்து, கூட இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து காவல் காக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் இந்த ஏற்பாடு கிடைக்காது.

மாலை போடும் அளவுக்கு எனக்குப் பக்தி இல்லை. சிகரெட்டை விடுவதற்காகச் சும்மா போட்டுக்கொள்ளவும் மனசு வரவில்லை. தேதி குறிக்கிற வித்தையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை.

19 நவம்பர், புதன்

புகையை விட உதவும் இலவச எண் ஒன்று உண்டு: 1800-11-2356. 2018-இலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சடிக்கிறார்கள். எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. நான் வாங்குவது லூஸில். பாக்கெட்டின் 85 சதவீதம் படமும் எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்று 2016-இல் கொண்டுவந்தார்கள். கடைக்காரர் கைக்குள்ளேயே பாக்கெட் இருந்துவிடுகிறது, எனக்கு வருவது வெள்ளையாக ஒரு குச்சி. எந்தப் படமும் என்னைப் பயமுறுத்தவில்லை என்று இத்தனை நாள் வீரம் பேசியிருக்கிறேன். பார்த்தால்தானே?

கடைக்காரரிடம் காலி அட்டையைக் கேட்டு வாங்கி, எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டேன். ஒரு அம்மா தமிழில் பேசினார். எத்தனை வருஷம், எழுந்ததும் எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட், தேதி குறித்தாயிற்றா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், ‘எதுக்கு விடணும்னு நினைக்கறீங்க?’ என்றார்.

‘ஒடம்புக்கு ஆகாதுங்களே.’

‘அது எல்லாருக்கும்தாங்க. உங்களுக்கு?’

பதில் வரவில்லை. யோசித்து எழுதி வையுங்கள் என்றார். அதனால்தான் இந்தக் குறிப்பு.

20 நவம்பர், வியாழன்

இன்று ஒரு சிகரெட்கூடப் பிடிக்கவில்லை. இதற்கு மேல் எழுத முடியவில்லை, விரல் எல்லாம் எதையோ தேடுகிறது.

22 நவம்பர், சனி

மூன்றாவது நாள்தான் மோசம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இன்று ஒரு ஷாஃப்ட்டை மூன்று தடவை அளந்தேன், மைக்ரோமீட்டர் மூன்று கணக்குச் சொன்னது. மைக்ரோமீட்டர் மேல் குற்றமில்லை.

நிகோடின் கம் வாங்கியிருக்கிறேன், 2 மில்லிகிராம். பபிள்கம் மாதிரி சவைத்தால் விக்கல் வருகிறது, நெஞ்சு எரிகிறது. நாலு கடி கடித்து, வாயில் சுருசுருவென்று வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். சுருசுருப்பு அடங்கியதும் மறுபடி நாலு கடி. டீ குடித்த சூட்டோடு போட்டால் வேலைக்காகாது, கால் மணி நேரமாவது இடைவெளி விடணும். இது தெரியாமல் ‘கம் எல்லாம் சும்மா ஏமாத்து’ என்று சொல்லும் ஆட்கள் எங்கள் ஷாப்பிலேயே நாலு பேர்.

வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

25 நவம்பர், செவ்வாய்

காரணம் எழுதச் சொன்னார்களே. பயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லாரும் அதைத்தான் முதலில் கையில் கொடுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்று ஒரு டாக்டர். நுரையீரல் புற்றுநோய் ஏன் இப்படிக் கூடுகிறது என்று பார்க்கப் போனவருக்கு முதல் சந்தேகம் ரோட்டில் போடும் தார் மேல்தான் இருந்தது. நோயாளிகளை விசாரிக்க விசாரிக்க சிகரெட்தான் என்று தெரிந்து, ஆய்வு அச்சில் வருவதற்கு முன்பே தன்னுடையதைத் தூக்கிப் போட்டார். 1950-இல் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல்காரரோடு சேர்ந்து அதை வெளியிட்டார். 1951-இல் பிரிட்டிஷ் டாக்டர்களுக்கே கடிதம் போட்டு அவர்கள் பழக்கத்தைக் கேட்டார்கள். ஆண் டாக்டர்கள் முப்பத்து நாலாயிரம் பேருக்கு மேல். அவர்களை ஐம்பது வருஷம் விடாமல் தொடர்ந்து 2004-இல் கணக்குச் சொன்னார்கள்: விடாமல் பிடித்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து வருஷ ஆயுள் நஷ்டம். அறுபதில் விட்டால் அதில் மூன்று வருஷம் திரும்பும், ஐம்பதில் ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் ஏறக்குறைய முழுசும். டால் தன் தொண்ணூற்று இரண்டு வயது வரை இருந்தார்.

எனக்கு நாற்பத்தொன்று. ஆக ஒன்பதுக்குக் கொஞ்சம் கீழே. நம்பாமல் இல்லை, இதைவிட சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒன்பது வருஷம் கடைசியில் வந்து சேர்கிறது. சாயங்காலம் நாலு மணி டீக்கு அதை வைத்து என்ன செய்வது? பயம் எனக்கு ரெண்டு மணி நேரம்தான் வேலை செய்கிறது. ரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறைவதற்கும் கிட்டத்தட்ட அதே ரெண்டு மணி நேரம்தான்.

29 நவம்பர், சனி

தூக்கமே இல்லை. படபடப்பு. சிகரெட் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாவே கூப்பிட்டு விசாரித்தபோது ‘டீ, காபி எவ்வளவு குடிக்கறீங்க?’ என்றார். குறைந்தது ஏழு.

விஷயம் இதுதான். சிகரெட் புகையில் இருக்கும் தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. காபி, டீயில் உள்ள கஃபீனைச் சிதைக்கிற நொதியும் அதுதான். அதனால் புகைப்பவன் உடம்பில் கஃபீன் சீக்கிரம் கரைந்துபோகும். ஏழு டீ குடித்தாலும் தாங்கும். புகையை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் நொதி அடங்கிவிடும். அதே ஏழு டீ இப்போது பழையதைவிட ரொம்ப நேரம் உடம்பில் நிற்கும். கம் கொடுப்பது நிகோடினை மட்டும், அதில் தார் இல்லாததால் இதற்கு உதவாது.

அதாவது பத்து நாளாக நான் சிகரெட் ஏக்கம் என்று பல்லைக் கடித்ததில் பாதி, டீ. எத்தனை பேர் இந்த இடத்தில் ‘என்னால முடியலப்பா’ என்று திரும்பிப் போயிருப்பார்கள்! இதை ஏன் பாக்கெட்டில் அச்சடிப்பதில்லை?

இன்றிலிருந்து அரை டீ. பேக்கரி மாஸ்டர் ‘ஏனுங்ண்ணா, ஒடம்பு சரியில்லீங்களா?’ என்றார்.

2 டிசம்பர், செவ்வாய்

இதையும் யாராவது எழுத வேண்டும்: காலைக்கடன். எழுந்ததும் ஒரு டீ, ஒரு தம், அதற்கப்புறம்தான் உள்ளே எதுவும் அசையும் என்று இருபது வருஷமாகப் பழக்கி வைத்த குடல் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. விடுகிறவர்களுக்கு இது சாதாரணமாக வருவதுதானாம். பேரீச்சம்பழம், கொய்யா, சுடுதண்ணீர். இப்போது பரவாயில்லை. வாய்ப்புண்ணும் வந்து போனது.

காசு மிச்சமாகும் என்று ஒரு காரணம் சொல்வார்களே, அதையும் எழுதிவிடுகிறேன். மிச்சம் என் கண்ணில் படவில்லை. கடலைமிட்டாய், கொய்யா, கம் என்று எங்கேயோ போகிறது.

8 டிசம்பர், திங்கள்

இன்று நடந்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் சந்தோஷம்.

மெஷினில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், திங்கட்கிழமை காலையில் கூலன்ட் (இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றுவது) நாறும். ஞாயிறு முழுக்க மெஷின் நின்றிருக்கும், தொட்டியில் தண்ணீர் கலந்த எண்ணெய் அசையாமல் கிடக்கும், மேலே மிதக்கும் மெஷின் மசகு எண்ணெய் காற்றை அடைத்துவிடும், உள்ளே பாக்டீரியா பெருகி அழுகிய முட்டை வாடை வரும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மேலே மிதப்பதை எடுத்துவிட்டு, காற்று விட்டு, கான்சன்ட்ரேட்டைச் சரிசெய்து காப்பாற்றிவிடலாம். முற்றிவிட்டால் தொட்டியையே காலி செய்து கழுவ வேண்டும். வேலையும் கெடும், கையில் சொறியும் வரும்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எனக்கு வாடை தெரிந்தது. மூன்றாவது மெஷின் பக்கம். மற்றவர்கள் ஒன்றும் இல்லையே என்றார்கள். கூலன்டைத் தொட்டியிலிருந்து கொஞ்சம் மொண்டு சூப்பர்வைசர் மூக்குக்குக் கீழே நீட்டிய பிறகுதான் அவர் முகம் சுளித்தார்.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி மூக்காலேயே வேலை பார்ப்பார். பேரிங் காய்வது, பெல்ட் வழுக்குவது, மோட்டார் வைண்டிங் கருகத் தொடங்குவது எல்லாம் சத்தம் வருவதற்கு முன்பே வாடையில் தெரியும் அவருக்கு. அது ஏதோ பிறவி வரம் என்றே நான் இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அவர் வெற்றிலைகூடப் போடமாட்டார்.

டாலின் ஒன்பது வருஷத்துக்கு வராத வேகம் இதற்கு வந்துவிட்டது. கேட்டால் சிரிப்பார்கள்: எதுக்குப்பா சிகரெட்டை விட்ட? கூலன்ட் வாடைக்குங்க. ஆனால் அடுத்த முறை அந்த அம்மா கேட்டால் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

14 டிசம்பர், ஞாயிறு

வீட்டில் தெரிந்துவிட்டது. தலையணை உறை மாற்றும்போது மனைவி, ‘ஏனுங், வாசமே இல்லீங்களே?’ என்றாள். சொன்னேன். ‘எனக்குப் பத்து நாளாவே தெரியும். சொன்னா நீங்க மொறுக்கிக்குவீங்கன்னு கம்முனு இருந்தேன்.’ அவ்வளவுதான். பாராட்டு விழா எதுவும் இல்லை. எனக்கும் அதுவே சௌகரியம்.

22 டிசம்பர், திங்கள்

கிரைண்டிங் அண்ணன் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிவிட்டார். மத்தியானம் பின்பக்கச் சுவரோரம் இருந்தார், கையில் சிகரெட். அரவணைப் பாயசம் ஒரு டின் கொடுத்தார். அவரைப் பார்த்துப் பரிதாபப்பட எனக்கு என்ன யோக்கியதை? விடுகிறேன் என்று அவர் ஐயப்பனிடம்கூடச் சொன்னதில்லை, விரதம் இருக்கிறேன் என்றுதான் சொன்னார். சொன்னதைச் செய்தார். பாயசம் நன்றாக இருந்தது. நெய் வாசம் தூக்கியது.

18 ஜனவரி, ஞாயிறு

பொங்கலுக்கு மாமனார் ஊர், கோபி பக்கம். இப்போதுதான் திரும்பினோம்.

கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் நான் நடத்திவந்த நிர்வாகம் கொஞ்சநஞ்சமில்லை. மாமாவுக்கு முன்னால் பிடிக்க முடியாது. பிடிக்கிறேன் என்று தெரியவும் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் ‘ஒரு போன் பேசிட்டு வந்தர்றனுங்’ என்று வாய்க்கால் மேட்டுக்கு நடக்கணும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கணும். திரும்பும் வழியில் ஏலக்காய், கொய்யா இலை. சட்டையை உதறணும். அதற்குள் மச்சான் ‘நானும் வர்றேன் மாமா’ என்று கிளம்பிவிட்டால் அன்றைக்குப் பிழைப்பு போச்சு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் கடை எங்கே என்று கண் தேடும். பஸ்ஸில் ஏறினால் எங்கே நிறுத்துவான் என்று மனசு கணக்குப் போடும். உடம்பு, காசு, ஆயுள் எல்லாம் இருக்கட்டும், இந்த வேலையை ராஜினாமா செய்ததே எனக்குப் போதும் என்று இந்தத் தடவை தோன்றியது.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கேயும் போக வேண்டியதில்லை. மாமா மட்டும் ‘தண்ணி பாஞ்சுதான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வர்றேன்’ என்று வாய்க்கால் பக்கம் போனார். இருபது நிமிஷம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வாயில் கிராம்பு. அதற்குக் கீழே, சந்தேகமே இல்லாமல், பீடி.

இத்தனை வருஷமாக ஒரே மேட்டில் முறை போட்டு நின்றிருக்கிறோம். என் மேலும் அதே வாடை இருந்ததால் எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் அப்படித்தான். ‘தண்ணி பாஞ்சுதுங்களா மாமா?’ என்றேன். ‘பாஞ்சுது மாப்ள, நல்லா பாஞ்சுது’ என்றார்.

9 பிப்ரவரி, திங்கள்

டெர்ம் பாலிசி (நான் போய்விட்டால் வீட்டுக்குப் பணம் வரும் ஆயுள் காப்பீடு) எடுக்கலாம் என்று ஏஜென்ட்டை வரச் சொல்லியிருந்தேன். புகை பிடிக்காதவருக்கு ஒரு பிரீமியம், பிடிப்பவருக்கு வேறு. வித்தியாசம் சின்னதில்லை. படிவத்தில் கேள்வி: கடந்த 12 மாதத்தில் புகையிலை, நிகோடின் எந்த வடிவத்திலாவது உண்டா?

‘விட்டாச்சுல்லங்க, இல்லைன்னு போட்டுருங்க. யாருங்க பாக்கறாங்க?’

பார்ப்பார்கள். மூத்திரத்திலோ எச்சிலிலோ கோட்டினின் என்று ஒன்றை அளப்பார்கள். நிகோடின் உடம்பில் சிதையும்போது வருவது அது. சிகரெட்டிலிருந்து வந்ததா, கம்மிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. நான் இன்னும் ராத்திரியில் ஒரு கம் போடுகிறேன். அந்தப் பரிசோதனையைத் தாண்டினாலும், பொய் எழுதிக்கொடுத்த படிவத்தை வைத்துக்கொண்டு பின்னால் பணத்துக்கு அலையப்போவது வீட்டில் இருப்பவள்.

‘இந்தக் கம்மையும் விட்டு ஒரு வருஷம் கழிச்சு வாங்க, உண்மையாவே இல்லைன்னு எழுதறேன்’ என்றேன்.

‘அதுக்குள்ள ஒரு வயசு கூடிடுமேங்க. அதுக்கும் பிரீமியம் ஏறும்.’

ரெண்டையும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தோம். வயசு ஏறுவது பரவாயில்லை, புகைக்குக் கட்டுவதுதான் அதிகம். அவர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு டீ சொல்லட்டுமா என்று கேட்டார். எனக்கு அரை டீ போதும் என்றேன்.