பென்சிலில் எழுதியிருந்த 4+1

போன வெள்ளிக்கிழமைதான் வீடு கட்டும் பெர்மிட் கைக்கு வந்தது. ஏழு மாதம் ஆகிவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் எட்டு பேர்ச் காணியில் இருக்கும் அப்பாவின் பழைய வீட்டை இடித்துவிட்டு, அடுக்காக நான்கு வீடு கட்டுகிறோம். எனக்கொன்று, தம்பிமார் இருவருக்கும் ஒவ்வொன்று, அம்மாவுக்கு ஒன்று. வீதி எல்லைச் சான்றிதழும் நில அளவைப் படமும் சிக்கலில்லாமல் வந்தன. இழுபட்டது கட்டணத்தில்தான்.

வீட்டுக்கு இத்தனை என்று கணக்குப்படி வாகனத் தரிப்பிடம் விட வேண்டும், விட இடமில்லாவிட்டால் குறைகிற ஒவ்வொன்றுக்கும் பணம் கட்ட வேண்டும் என்பது கட்டடம் கட்டிய எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் அவை. எங்கள் காணியில் மூன்று காருக்கு இடம் வரும். நான்கு வீட்டுக்கு ஒன்று குறைகிறது, ஒன்றுக்குரிய பணத்தைக் கட்டத் தயாராகத்தான் போனேன். வந்த கடிதத்தில் இரண்டுக்குரிய தொகை இருந்தது.

இந்தக் கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் காலையில் ஒரு ஸ்கூல் வான் வந்து நின்றால் பின்னால் வரும் ஓட்டோ அசைய முடியாது. ஐப்பசி மழைக்கு முனையிலுள்ள மேன்ஹோல் மூடி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் நான்கு குடும்பம் வந்தால் வீதியும் குழாயும்தான் சுமக்க வேண்டும், அதற்கு எங்கள் பங்கைக் கேட்பது நியாயம். ஆனால் எந்தக் கணக்கில் அந்தப் பங்கு வந்தது என்று காட்டிவிட்டுக் கேட்க வேண்டும்.

கந்தோரில் காட்டவில்லை. ‘சிஸ்டத்தில அப்படித்தான் வருது மிஸ்’ என்றார் லிகிதர். இரண்டாம் முறை போனபோது, பழைய வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பிளானைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். அப்பாவின் கடதாசிகள் இருந்த அலுமாரி 83 ஜூலைக் கலவரத்தில் எரிந்தது. சுவர்கள் நின்றன, உள்ளே ஒன்றும் மிஞ்சவில்லை. அதைச் சொன்னேன். ‘அப்ப எங்கேயாவது ஒரு கொப்பி எடுங்கோ’ என்று பைலை மூடிவிட்டார். அந்தக் கொப்பிக்காக இரண்டு வாரம் அலைந்தேன். அப்பாவோடு வேலை செய்தவர்களின் வீடுகளுக்குக்கூடப் போனேன். இந்தக் கணக்குக்கு அந்தப் பிளானே தேவையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அதனால் சொல்கிறேன், யாராவது ஒரு பத்திரம் கொண்டுவரச் சொன்னால், எந்த விதிக்காக என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி அலையாதீர்கள்.

சின்னத் தம்பிதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஞாபகப்படுத்தினான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நான் இரண்டே கேள்வி எழுதினேன்: எங்கள் பைலில் இந்தத் தொகையைக் கணித்த தாளின் பிரதி வேண்டும், இப்படி அறவிடும் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, எதற்குச் செலவாகிறது? கடிதத்தைக் கொடுத்த கையோடு, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அங்கேயே நின்று வாங்கியது பிறகு கைகொடுத்தது.

தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லை. அதே கந்தோரில் இப்படியான மேன்முறையீடுகளைப் பார்க்கும் ‘குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு’ மேன்முறையீடு செய்தேன். அதற்கு 14 நாள்தான் அவகாசம், விட்டுவிடாதீர்கள். அவர் முடிவு சொல்ல மூன்று வாரம். அதற்குள் கவர் வந்தது, சிங்களத்தில். தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பத்து நாளில் தமிழில் வந்தது.

கணிப்புத் தாள் ஒரே பக்கம். வீடுகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 5 என்று பேனாவால் எழுதி, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக 4+1 என்று போட்டிருந்தது. மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்று அப்பாவின் வீடு! இடிக்கப்போகும் வீட்டையும் நிற்கப்போகிற வீடாக எண்ணியிருக்கிறார்கள். எங்கள் டிராஃப்ட்ஸ்மனும் பிளானில் அதை இடிக்கும் பகுதி என்று குறிக்காமல் விட்டிருந்தார். மறுநாளே திருத்திய பிளானைத் தாளோடு சேர்த்துக் கொடுத்தேன். இந்தத் தடவை வேறோர் அலுவலர். ஐந்து நிமிடம் பார்த்தார், ‘சரிதான்’ என்று 5ஐ வெட்டி 4 ஆக்கிக் கையெழுத்து வைத்தார். கட்டணம் பாதியாகியது. படியிறங்கும்போது கால் நடுங்கியது. வெளியே வந்து அம்மாவுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன்.

கலிபோர்னியாவில் இருக்கும் மச்சாளிடம் இதைச் சொன்னபோது, அங்கே எல் டொராடோ கவுண்டியில் நடந்த வழக்கைச் சொன்னாள். சொந்தக் காணியில் ஓர் ஆயத்த வீட்டை வைக்க வந்தவரிடம் போக்குவரத்துக்கென்று 23,420 டொலர் கேட்டிருக்கிறார்கள். அவர் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். அவர் வீட்டால் வீதிக்கு எவ்வளவு சுமை என்று தனியாகப் பார்க்காமல், அட்டவணைப்படி போட்ட தொகை அது. சட்டசபை விதித்த கட்டணம் என்பதற்காக, சுமைக்கும் தொகைக்கும் பொருத்தம் உண்டா என்ற சோதனையிலிருந்து விலக்குக் கிடையாது என்று 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது. எங்கள் சட்டம் வேறு, அதை வைத்து இங்கே வாதாட முடியாது. ஆனால் நான் அந்தக் கவுண்டரில் நின்று கேட்டதும் அந்தப் பொருத்தத்தைத்தானே.

இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. கட்டிய பணம் எங்கே ஒரு வாகனத் தரிப்பிடமாக மாறுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். நாளைக்கு எங்கள் வாசலில் இடமில்லாமல் ஒழுங்கையில் நிற்கப்போகும் காருக்கான பணம் அது. மேன்முறையீட்டு முடிவுக்குப் பிறகு தகவல் ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாதம் இருக்கிறது. அந்த மேன்முறையீட்டை நேற்று வெள்ளவத்தைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். பற்றுச்சீட்டு பைலின் முதல் பக்கத்தில், அந்த 4+1 தாளுக்கு மேலே குத்தியிருக்கிறது.